எத்தனை நாளாத் தடிமன்?

நாயாற்றுக் கடற்கரையில் நானும் என் கணவரின் தங்கையும் சேர்ந்து கருவாடு போடுகிறோம். ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். உப்பில் கிடக்கும் மீன் பழுதாகத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியாது. விரலால் அழுத்தினாலும் பிடிபடாது. மணந்துதான் அறியவேண்டும். மணம் பிடிக்கும் அந்தத் திறன் எனக்கு இல்லாமற் போனது போன வருடத்துக்கு முந்திய வாடைக்காற்றுக் காலத்தில். சளியும் தும்மலுமாய் ஒரு தடிமனோடு தொடங்கியது. தடிமன் மாறியது, மணம் திரும்பவில்லை. மூக்கடைப்பும், கன்ன எலும்புக்குள் கல் வைத்ததுபோன்ற பாரமும் அப்படியே தங்கிவிட்டன.

ஆஸ்பத்திரிக்குப் போவதில் எனக்கொரு ஒழுங்கு உண்டு. பாரம் கூடி, சளி மஞ்சளாகி, குனிய முடியாத நாளில் மட்டும் போவேன். நடமாடக்கூடிய நிலையில் போய் வரிசையை நீட்டுவது எங்கள் பக்கத்தில் அழகில்லை. உள்ளே போனால் டொக்டர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வோம். பின்னால் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது கதையை நீட்டக்கூடாது.

"எத்தனை நாளாத் தடிமன்?" என்று முதல் டொக்டர் கேட்டார்.

"மூண்டு நாள், டொக்டர்."

பொய்யில்லை. அந்தமுறை பாரம் கூடியது மூன்று நாளாகத்தான்.

"இது வைரஸ். பத்து நாளுக்குள்ள தானா மாறும். அன்ரிபயோற்றிக் தேவையில்லை. ஆவி பிடியுங்கோ."

வெளியே சுவரில் ஒட்டியிருந்த வழிகாட்டல் தாளிலும் அதேதான் இருந்தது. சொன்னபடி செய்தேன். பாரம் குறைந்தது. சில மாதத்தில் திரும்ப வந்தது. அதற்குள் அந்த டொக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். வந்தவரும் அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலைச் சொன்னார். அவருக்கு அடுத்தவர் அன்ரிபயோற்றிக் குளிசை தந்தார். ஒன்றும் தவறவிடாமல் போட்டு முடித்தேன். மணம் மட்டும் வரவில்லை.

வழிகாட்டல் பிழையென்று நான் சொல்லவரவில்லை. புதிதாகத் தடிமன் பிடித்தவருக்கு அது சரி. ஆனால் போகும்போதெல்லாம் என்னைப் புதிதாகப் பிடித்த ஆளாக்கி, முதலாம் நாளில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பன்னிரண்டு கிழமைக்கு மேல், மூன்று மாதம் தாண்டி நீடித்தால் அது வேறு நோய், அதற்கு வைத்தியமும் வேறு என்று அதே வழிகாட்டலில் இருக்கிறதாம். பிறகுதான் அறிந்தேன். அந்தப் பகுதிவரை என்னோடு வர ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. மருந்து தந்தவர்களில் ஒருவரும், தந்த மருந்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்கவில்லை. திரும்பிப் போகாத நாட்களில் எனக்குச் சுகம் என்றே நினைத்திருப்பார்கள்.

இந்த வருடம் மச்சாள் அலுவலாக வவுனியாவுக்குப் போயிருந்தாள். கட்டா மீன் உப்பில் ஊறிய தொட்டியை நான்தான் பார்த்தேன். திரும்பி வந்தவள் வாசற் படலையிலேயே மூக்கைப் பொத்தினாள்.

"மச்சாள், இதுக்குப் பக்கத்தில இருந்தோ சாப்பிட்டனீங்கள்?"

"ஏன், என்ன?"

"றோட்டால வரேக்கையே நாறுது! நாய்கூடக் கிட்ட வராது."

சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"மணம் தெரியேல்லை எண்டு டொக்டரிட்டச் சொன்னனீங்களோ?"

"அவர் கேக்கேல்லை."

"அவர் கேக்கேல்லையாம்! மூக்கோட சேர்த்து வாயையும் அடைச்சுப்போட்டியளோ?"

பழுதான மீன் முழுவதையும் வளவின் பின்னால் மணலில் புதைத்தோம். கை கழுவும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: "இனித் தொட்டியை நான் பாக்கிறன். நீங்கள் மீனை வெட்டுங்கோ, அதுவே போதும்." நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் வெட்டுகிற பலகையில் நாங்கள் இருத்துவது தொழில் தெரியாமல் புதிதாக வருகிறவர்களை.

அடுத்தமுறை பாரம் குறைவாக இருந்த ஒரு நாளில், வேண்டுமென்றே போனேன். டொக்டர் மறுபடியும் புதியவர், இளம் பெண். நிமிராமலே கேட்டார்.

"எத்தனை நாளாத் தடிமன்?"

மூன்று நாள் என்று சொல்ல வாய் தானாகவே திறந்தது.

"தடிமனை விடுங்கோ, டொக்டர். ரெண்டு வருசமா எனக்கு ஒரு மணமும் தெரியேல்லை. நான் கருவாடு போடுறனான். மூக்கில்லாட்டி எனக்குத் தொழில் இல்லை."

நிமிர்ந்தார். சின்ன லைற்றை எடுத்து மூக்குக்குள் பார்த்தார். இத்தனை வருகையில் ஒருவர் என் மூக்குக்குள் பார்த்தது அன்றுதான்.

"ரெண்டு பக்கமும் சதை வளர்ந்திருக்கு அம்மா. ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை?"

"வந்தனான்," என்றேன். அதற்கு மேல் சொன்னால் குரல் உயர்ந்துவிடும் என்று நிறுத்திக்கொண்டேன்.

வவுனியாவில் காது மூக்குத் தொண்டை டொக்டரிடம் காட்டத் துண்டு எழுதித் தந்தார். மூக்குக்கு அடிக்கிற மருந்து தந்து, எப்படி அடிப்பதென்றும் காட்டினார். கொதித்தாறிய உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னார். இரண்டையும் ஒரு நாளும் விடாமல் செய்கிறேன். கன்னத்துப் பாரம் குறைந்திருக்கிறது. வவுனியாவில் எனக்குக் கிடைத்த திகதி இந்த வாடை முடிந்த பிறகு.

காலையில் தொட்டியைத் திறந்ததும் முதல் மீனை நான்தான் எடுத்து மணந்து பார்க்கிறேன். இன்றும் ஒன்றும் இல்லை. மச்சாளிடம் நீட்டினேன். அவள் அவசரப்படாமல் மணந்துவிட்டு, "நல்லது," என்றாள். அவள் சொன்னதை நம்பி மீனைப் பந்தலில் காயப்போட்டேன்.