சந்தனத்துக்கு அடியில் ஸ்பெயின்

என் வீட்டுக்காரரிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. கல்லுப்பட்டியில் இருந்த என் அண்ணனிடமும் அதே அச்சில் ஒன்று இருந்தது. பயிரைக் காட்டுப்பன்றி அழிப்பதாகச் சொல்லி இருவரும் லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். ஒரு பன்றியாவது செத்ததாக எனக்கு நினைவில்லை. இவருடையது பெல்ஜியத்தில் செய்தது, அண்ணனுடையது ஸ்பெயினில் செய்தது. மேலே வெட்டியிருந்த எழுத்தைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது. அந்த எழுத்துக்காகவே மச்சானும் மாப்பிள்ளையும் பார்க்கும்போதெல்லாம் முட்டிக்கொள்வார்கள்.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் அண்ணன்தான் என்னைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகவேண்டும். அம்மா கைச்சோற்றுக்கு நாக்கு ஏங்கிக் கிடந்தது. இந்த நேரம் பார்த்து, ஆயுதபூஜைக்கு மறுநாள் கண்மாய்க்கரையில் பானையைக் குறிவைத்துச் சுட்டு, எது உசத்தி என்று பார்த்துவிடுவதாகக் கிளம்பினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

பூஜைக்கு அண்ணன் தன்னுடையதையும் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார். அரிவாள், மண்வெட்டியோடு இரண்டையும் ஒரே தாம்பாளத்தில் வைத்துப் பொட்டிட்டேன். எனக்குக் கை தாராளம். அப்பிய சந்தனத்தில் எழுத்தே மறைந்துபோனது. மறுநாள் கற்பூரம் காட்டியதும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். பூஜைச் சந்தனத்தோடுதான் முதலில் ஆயுதத்தைத் தொட்டு வேலை செய்யவேண்டும் என்பது வழக்கம், யாரும் துடைக்கவில்லை. நானும் அவர்கள் பின்னாலேயே கண்மாய்க்கரைக்குப் போனேன்.

இவர் சுட்டார், பானை சிதறியது. "பாத்தீகளா மச்சான், பெல்ஜியம்னா பெல்ஜியம்தான்!" என்று குதித்தார். அண்ணன் சுட்டார்; கண்மாய்த் தண்ணீர்தான் தெறித்தது. இவர் சும்மா இருக்கக்கூடாதா? "ஒங்களுது பொட்டுவெடிக்குத்தான் லாயக்கு" என்றார்.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "போறேன் தாயி. இனி ஒங்க வாசல மிதிக்க மாட்டேன்."

அண்ணன் வராவிட்டால் என்னைப் பிரசவத்துக்கு யார் அழைத்துப் போவது? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "குண்ட எடுத்துட்டு அதக் குடுங்க" என்று இவர் கையிலிருந்ததை வாங்கினேன். கண்மாயில் எறிந்துவிடத்தான் வாங்கினேன். இறுக்கிப் பிடித்ததில் சந்தனம் உதிர்ந்து எழுத்து தெரிந்தது. மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷ் அதற்காவது உதவியது.

"ஸ்பெயின்" என்று உரக்க வாசித்தேன். இவர் எட்டி எழுத்தைப் பார்த்தார்.

"அப்ப பானைய ஒடச்சது என் துப்பாக்கி!" என்றார் அண்ணன்.

"சுட்டது என் கையாக்கும்!" என்றார் இவர்.

"ரெண்டு பேரும் சேந்துதான் ஒடச்சிருக்கீக, அம்புட்டுத்தான். அண்ணே, என்னையக் கூட்டிட்டுப் போக வண்டி எப்பக் கட்டுவீக?" என்றேன். அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வாரமே வளைகாப்பு முடிந்து வண்டியும் வந்தது.

மகன் கல்லுப்பட்டியில் பிறந்தான். பார்க்க வந்த இவர், "மூக்கு எங்க வீட்டு மூக்கு" என்றார். "நெத்தி எங்களுது, மாப்ள" என்றார் அண்ணன். மறுபடியும் முட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன்.

"எழுத்தத் தேடாதீக. இது நான் செஞ்சது."