ஆறாவது துண்டு

ராமாத்தாக்காவுக்குப் பயம் அதிகம். சூலூரிலிருந்து பஸ் ஏறி சரவணம்பட்டிக்கு வந்து, எங்கள் கல்லூரி ஆய்வகத்தைக் கூட்டித் துடைப்பது ஒன்பது வருடமாக அவர் வேலை. மெஷின் 'பீப்' என்றால் போதும், வாசலுக்கு ஓடிவிடுவார். "உசுரு இருந்தா உப்பு வித்துப் பொழைச்சுக்கலாமுங்க" என்பார்.

நான் சிரிப்பேன். நாங்கள் ஆராய்வதே அந்த உப்பைத்தான். உப்பில் இருக்கிற சோடியத்தை வைத்து, சோலார் மின்சாரத்தைச் சேமிக்க விலை குறைந்த பேட்டரி செய்யப் பார்க்கிறோம். உப்பு சாது. அதிலிருந்து பிரித்தெடுத்த சோடியம் அப்படியல்ல. தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கும். அதனால் எண்ணெயில் முக்கியே வைத்திருப்போம்.

ஆயுத பூஜையன்று காலையிலேயே அக்கா கண்ணாடிச் சாமான் அத்தனையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டார். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். எனக்கோ அவசரம். வெட்டிய ஆறு சோடியம் துண்டுகளைப் போட, ஈரமில்லாத பாத்திரமென்று கிடைத்தது பொரி வைக்கக் கொண்டுவந்த எவர்சில்வர் கிண்ணம்தான். எண்ணெய் ஊற்றி அதில் போட்டுவைத்தேன். ஒரு சீட்டுக்கூட ஒட்டவில்லை. புத்தி கெட்டவள் நான்.

பூஜை முடிந்து டீ குடித்துவிட்டு வந்தால் கிண்ணத்தைக் காணோம்.

"பொரிக் கிண்ணமெல்லாம் அக்கா கழுவ எடுத்துட்டுப் போனாங்க" என்றான் உடன் ஆராய்ச்சி செய்யும் மிதுன்.

இருவரும் பின்வாசலுக்கு ஓடினோம். குழாயடியில் வாளி நிறையத் தண்ணீர். அக்கா குனிந்து கிண்ணங்களை முக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தொடாதீங்க!"

"ஏனுங்க அம்மணி, இப்படிக் கத்தறீங்க?"

என் கிண்ணம் மட்டும் தள்ளி, காய்ந்த திட்டின் மேல் இருந்தது. "அது ஒரே எண்ணெய்ப் பிசுக்குங்க. தொடைச்சுப்போட்டுத்தான் கழுவோணும். பாதி தொடைச்சேன், அடியில ஏதோ கட்டி கட்டியா கெடந்துச்சு. உங்களைக் கேட்டுக்கலாம்னு வெச்சுட்டேனுங்க."

அப்பாடா என்று துண்டுகளை எண்ணிப் பார்த்தேன். ஐந்து. மறுபடி எண்ணினேன். ஐந்தேதான்.

"தொடைச்ச துணி எங்கக்கா?"

இடுப்பைக் காட்டினார். துணி அங்கே செருகியிருந்தது. சேலையின் முன்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது.

"அசையாதீங்க."

"என்னுங்க அம்மணி, பாம்பா?"

பாம்பாக இருந்திருக்கக் கூடாதா! துணியை நுனியில் பிடித்து உருவி, வாசலோரம் இருந்த மணல் வாளியில் எறிந்தேன். விழுந்ததும் புகைந்தது, பிறகு மஞ்சளாகப் பற்றியது. மிதுன் மணலை அள்ளி அள்ளிக் கொட்டினான்.

தரையிலேயே உட்கார்ந்து அக்காவிடம் எல்லாம் சொன்னேன். சொல்லும்போதே உள்ளுக்குள் வேறு ஒன்று ஓடியது: பேராசிரியருக்குத் தெரிந்தால் என் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, மூடி மறைத்துவிடலாமே.

அக்கா மெதுவாக முழங்கையைத் திருப்பிக் காட்டினார். பழைய தீக்காயம்.

"அப்போ இதுவும் அதுதானுங்களா? போன வருசம் சிங்க்குல பாத்திரம் கழுவையில டப்புனு வெடிச்சுது."

"ஊட்டுல எண்ணெய் தெறிச்சதுன்னுதானே சொன்னீங்க?"

"நாந்தான் எதையோ கெடுத்துப்போட்டேன்னு வேலைய விட்டு நிறுத்திருவாங்களோன்னு பயந்துட்டேனுங்க."

மிதுன் சேர்ந்ததே இந்த ஜூனில்தான். போன வருடம் எங்கள் ஆய்வகத்தில் சோடியம் வெட்டியவள் நான் ஒருத்திதான்.

எழுந்தேன். உடம்பெல்லாம் பயம். அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பேராசிரியர் அறைக் கதவைத் தட்டினேன்.