இரண்டு குழாய் தாங்கும் ஆம்பிளிஃபயர்

போன வாரம் மகனோடு தஞ்சாவூரில் ஹோம் தியேட்டர் வாங்கப் போயிருந்தேன். அவனுக்குப் பிடித்தவை பெரிய ஸ்பீக்கர்கள். பார்த்து வைத்திருந்த ரிசீவரோ சின்னது. கடையில் இருந்த பெண் ஸ்பீக்கரைத் திருப்பிப் பின்பக்கம் காட்டினாள். "இது நாலு ஓம் சார், கரண்ட் அதிகமா இழுக்கும். அந்த ரிசீவர் இதைத் தாங்காது. வேற பாருங்க." வாங்க வந்தவரிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு வந்தது. எனக்கு அந்த வயதில் வரவில்லை.

இருபத்து மூன்று வயதில் திருவிடைமருதூரில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தேன். எந்தக் கொடி கட்டிய மேடையானாலும் அதில் முதலில் பேசுகிறவன் நான்தான். 'ஹலோ, ஹலோ'வுக்கு மேல் பேசத் தெரியாது, அவ்வளவே. மேடைக்கு மேடை உழுகிறவனுக்கே நிலம் என்றார்கள். வயலில் கூலிகூட ஏறவில்லை.

அந்த அறுவடைக்குப் பக்கத்துக் கிராமத்தில் கூலி கூட்டிக் கேட்டு ஆட்கள் அறுப்புக்கு இறங்கவில்லை. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கப்போவதாகப் பேச்சு. கூலியாட்களின் சங்கத்தை நடத்தியவர் அஞ்சலையக்கா, நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர். காலைக் கூட்டத்துக்கு நான் மைக் கட்டப் போனபோது சொன்னார்: "தம்பி, நாலு கொழா கட்டுங்க. வாய்க்கா கரை வரைக்கும் கேக்கணும். அங்கதான் எங்க வீட்டுக்காரரு ஆளுங்களோட நிக்கிறாரு."

நான் கொண்டுபோன ஆம்பிளிஃபயர் இரண்டு குழாய் ஸ்பீக்கர்தான் தாங்கும். நாலு பிணைத்தால் அளவுக்கு மேல் இழுத்துச் சூடேறும். எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, முடியாது என்று சொல்லி வேலை தெரியாதவன்போல் நிற்க மனம் வரவில்லை. நாலையும் கட்டினேன். சத்தம் கணீரென்று போயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் ஒருவர் வந்து, தாசில்தார் பேச வருகிறார் என்றார். அக்கா மைக்கைப் பிடித்தார். "வாய்க்கா கரையில நிக்கிறவங்க கேளுங்க. வயல்ல எறங்காதீங்க" என்று அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. குழாயில் 'வயல்ல எறங்' என்பதோடு நின்றுவிட்டது. ஆம்பிளிஃபயர் பெட்டிக்குள்ளிருந்து கருகிய வார்னிஷ் வாடை வந்தது.

கரையில் இருந்தவர்கள் மிச்சத்தைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். இறங்கச் சொல்கிறாள் என்று இறங்கினார்கள். எதிர்க்கரையில் மிராசுதாரின் ஆட்கள் தடியோடு இருந்தார்கள். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடினார். நான் ஓடவில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்காவின் கணவர் கோவிந்தனுக்கு வலது தோளில் அடி. உயிர் தப்பியது, கை அதற்குப் பிறகு மேலே எழும்பவில்லை.

பதினைந்து நாள் கழித்துத்தான் அவர்கள் வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. அக்கா அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ரெண்டுதான் தாங்கும் என்பது எனக்கு முன்னாலேயே தெரியும் என்று சொன்னேன்.

அக்கா அடுத்த உருண்டையை உருட்டியபடியே நிறுத்தினார்.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கரைக்கு ஆள ஓட விட்டிருப்பேனே தம்பி."

திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. பிறகு அந்த உருண்டையைக் கணவர் வாயில் கொடுத்தார்.

அந்த அறுவடையிலேயே கூலி ஏறியது. அவர்கள் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனார்கள். மூத்தவள் பட்டுக்கோட்டையில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். அக்காவும் கோவிந்தனும் இப்போது இல்லை.

போன தை மாதம் அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன். அறுவடை மிஷின் ஒன்று வயலைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவர் காதில் பஞ்சு அடைத்திருந்தார். அன்று அறுபது பேர் அரிவாளோடு நின்ற வாய்க்கால் கரையில், இறங்கு என்றோ இறங்காதே என்றோ யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கே ஒருவரும் இல்லை.