மண் சொன்ன தேதி

எங்கள் வடகோடி ஊரில், ஆற்றுக்கு அப்பால் சதுப்பில் போகும் எண்ணெய்க் குழாயைப் பார்த்துக்கொள்வதுதான் வெனியமின் ரோச்செவின் வேலை. வாரம் இருமுறை பன்னிரண்டு கிலோமீட்டர் நடப்பார். ஊருக்கு அவர் வேன்யா மாமா.

ஒரு செப்டம்பரில், குழாயின் இணைப்புக்கு அடியில் எண்ணெய் சொட்டுவதைக் கண்டார். தகவல் சொன்னால் பழுது பார்ப்பவர்கள் வரும்வரை அங்கேயே காவல் கிடக்க வேண்டும். மறுநாளோ மச்சினனோடு கடமான் வேட்டை. "எல்லாம் சரி" என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்தபோது பனி மூடியிருந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

ஜூனில் பனி உருகியது. எங்கள் ஊர் அக்ரஃபேனா அக்கா வருஷம் தவறாமல் காட்டுப்பழம் பறிக்கும் ஓடைக்கரை முழுக்கக் கறுத்துக் கிடந்தது. குழாய் பழசு என்று சொல்லிக் கம்பெனிக்காரர்கள் மாற்றினார்கள். மாமாவை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜூலையில் மண் ஆய்வாளர் தமாரா வந்தாள். நான்தான் படகில் கூட்டிப்போனேன். குழி தோண்ட மாமா தானாகவே வந்தார். சில நாள் சோதித்துப் பார்த்தவளுக்குக் குழப்பம்.

"மாமா, ஜூன்ல கசிஞ்சதுன்னு சொல்றாங்க. ஆனா ஒரு முழம் கீழ, இன்னும் உறைஞ்சிருக்கிற மண்ணுக்குள்ள எண்ணெய் இருக்கே! மண்ணு உறையறதுக்கு முன்னாடியே இறங்கியிருக்கணும். மேல எண்ணெய் தின்னுற பாக்டீரியா ஏகத்துக்குப் பெருகியிருக்கு, மத்ததெல்லாம் செத்துப்போச்சு. ஒரு மாசத்துல இப்படி ஆகாது."

மாமா மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"செப்டம்பர் இருபத்தேழு. நான் பாத்தேன்மா."

"பாத்துட்டு?"

"வேட்டைக்குப் போனேன்."

தமாரா குறிப்பேட்டில் தேதியை எழுதினாள். மாமா கேட்டார்: "அந்தப் பாக்டீரியா இதைத் தின்னு தீர்க்க எத்தனை நாளாகும்?"

"இந்தக் குளிர்ல வருஷத்துக்கு மூணு மாசம்தான் அதுங்க வேலை செய்யும். உரம் போட்டு, கிளறிக் காத்து விட்டா பத்து வருஷம். சும்மா விட்டா நாப்பதுகூட ஆகலாம்."

அன்றே அக்ரஃபேனா அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னார்.

"அந்த வேட்டைக் கறியில எனக்கும் ஒரு தொடை குடுத்தனுப்பினியே, பாவி! ருசியா இருக்குன்னு சொல்லித் தின்னேனே!" கதவு சாத்திக்கொண்டது.

விஷயம் வெளியே வந்ததும் வேலை போயிற்று. அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. கோடைதோறும் கொசுக்கூட்டத்துக்கு நடுவே அந்தக் கரையைக் கிளறுகிறார். நாலாவது வருஷம் ஓரத்தில் கோரை முளைத்தது. மறுபடி மண்ணைச் சோதிக்க வந்த தமாரா சிரித்துக்கொண்டே காட்டினாள்.

"பழச்செடி இல்லையே" என்றார் மாமா, நிமிராமல்.

அக்கா இன்னும் அவரோடு பேசுவதில்லை.