இரண்டு மடக்குக் கஷாயம்

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நடந்த எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். பாறசாலைக்கு அருகே எங்கள் கிராமம். என் வயிற்றில் முதல் பிள்ளை நாலு மாதம். பார்த்தால் தெரியாது. அப்பாவுக்கோ நெஞ்சில் கட்டி, இருமினால் ரத்தம். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

நெய்யாற்றின்கரை வைத்தியர் ஒருவர் நித்தியகல்யாணிச் செடியில் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார். கல்லறைத் தோட்டங்களில் மண்டிக் கிடப்பதால் நாங்கள் அதைச் சவக்கோட்டைப் பூ என்போம். ஆண்கள் வெளியே தலைகாட்டினால் போலீஸ் பிடித்துப்போன காலம். அதனால் நான்தான் போயிருந்தேன். என் நிலைமையைச் சொன்னதும், ஒரு சொட்டுகூட நாக்கில் படக்கூடாது, கரு கலைந்துவிடும் என்று எச்சரித்துத்தான் வைத்தியர் குப்பியைக் கொடுத்தார்.

பஸ் இல்லை, நடந்துதான் திரும்பினேன். வழியில் ஒரு முக்கில் போலீஸ். குப்பியில் ஆசிட் கொண்டுபோய் எறிகிறார்கள் என்று ஊரெல்லாம் வதந்தி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே! ஒரு போலீஸ்காரர் என் குப்பியைத் திறந்து மோந்து பார்த்தார்.

“அப்பனுக்குள்ள மருந்தாக்கும் ஐயா” என்றேன்.

“மருந்நாணெங்கில் நீ குடிச்சு காணிக்கு” என்றார்.

பிள்ளை உண்டாகியிருப்பதைச் சொன்னேன். நம்பவில்லை. நான் மறுக்க மறுக்க அவருக்குச் சந்தேகம் கூடியது. குடி, இல்லையென்றால் போலீஸ் லாரியில் ஏறு என்று குப்பியை வாயருகே கொண்டுவந்தார். பல்லைக் கடித்து உதட்டை மூடிக்கொண்டேன். குடித்தால் பிள்ளை போகும். குடிக்காவிட்டால் அப்பாவின் மருந்து போகும், என்னையும் கொண்டுபோவார்கள். வாழ்க்கையில் அப்படி நான் பயந்ததே இல்லை.

எனக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்த மீன்காரி ஒருவர் கூடையை இறக்கினார். கோட்டுகால் பக்கத்து மலையாள அம்மா, பிள்ளை பெறும் வயதைத் தாண்டியவர், முன்பின் பார்த்ததில்லை.

“அவளை விடு சாறே. ஞான் குடிக்காம். எனக்கு இனி பெறான் ஒந்நுமில்ல.”

குப்பியை வாங்கி இரண்டு மடக்கு விழுங்கினார். முகம் சுளிக்கவில்லை. போலீஸ்காரர் வெகுநேரம் அவரையே பார்த்து நின்றுவிட்டு, போங்கள் என்று கையை ஆட்டினார்.

வளைவு திரும்பியதும் அந்த அம்மா ரோட்டோரம் குந்தி, குடல் புரள வாந்தியெடுத்தார். அதுவரை அடக்கி வைத்திருந்திருக்கிறார்! முதுகைத் தடவப் போனேன். “நீ போ மோளே, அப்பன் காத்திரிக்கும்” என்று விரட்டினார். பிறகு எத்தனையோ சந்தைகளில் தேடினேன், காணவே இல்லை.

கஷாயம் அப்பாவைக் காப்பாற்றவில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான்.

அந்த மகனுக்கே ஐம்பது தாண்டி நுரையீரலில் புற்று வந்தது. ஆஸ்பத்திரியில் அவனுக்கு மருந்து ஏற்ற வந்த நர்ஸ் பிள்ளைத்தாச்சி. இன்னொரு நர்ஸ் ஓடிவந்து, “நீ இதத் தொடாத மக்கா” என்று மருந்துப் பையை வாங்கிக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டரிடம் கேட்டேன். சவக்கோட்டைப் பூச்செடியின் சத்திலிருந்து செய்த மருந்தாம். செடியை வீட்டில் காய்ச்சிக் குடித்தால் விஷம், பிரித்தெடுத்து அளந்து ஏற்றினால்தான் மருந்து என்றார்.

தமிழர், மலையாளி என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்த நாளில், என் பிள்ளைக்கு வந்த விஷத்தைத் தான் வாங்கி விழுங்கிய அந்த அம்மாவை, மகனுக்கு மருந்து ஏறும் ஒவ்வொரு முறையும் கட்டிலருகே இருந்து கைகூப்பி நினைத்துக்கொள்கிறேன்.