பாட்டுப் பெட்டியில் பிடித்து வைத்த சாவுத் தப்பு

இது நடந்தது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், இலங்கை மலைநாட்டில் நோர்வூட் டவுனிலிருந்து இரண்டு மைல் கட்டை தள்ளியிருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அங்கே தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயம் ஒன்றில்தான் எங்கள் வீடு. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை பார்த்தேன். வருகிறவர்களுக்கு வெளிநாட்டுக் கோல் எடுத்துக் கொடுப்பது, போட்டோ கொப்பி அடித்துக் கொடுப்பது. மீதி நேரமெல்லாம் பாட்டு எழுதுவேன். நானே மெட்டுப் போட்டு நானே பாடிக்கொள்வேன். கேட்கத்தான் ஆள் கிடையாது.

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த என் அக்கா அந்த வருஷம் லீவில் வந்தபோது, சோப்புக் கட்டிகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவில் ஒரு கறுப்புப் பெட்டியும் கொண்டுவந்தாள். அவள் வேலை செய்த வீட்டுப் பையன் புதிது வாங்கியதும் தூக்கிப்போட்ட சாமானாம்.

"கேம் வெளையாடுற மெசின்னு நெனச்சேன்டி. தட்டுனா சத்தம் வருது. நீ தான் பாட்டுப் பைத்தியமாச்சே, வச்சுக்க."

சீ.ஆர். கொப்பி என்கிற கெட்டி அட்டை நோட்டு ஒன்றின் அளவுதான் இருக்கும். பதினாறு ரப்பர் பொத்தான்கள், கீழே குட்டிக் குட்டியாகப் பியானோக் கட்டைகள், தீப்பெட்டி அகலத்தில் ஒரு திரை, குண்டூசி ஓட்டைபோல ஒரு மைக். ஆறு பென்டோர்ச் பேட்டரி போட்டால் எங்கும் தூக்கிக்கொண்டு போகலாம். மேளம், பேஸ், வயலின் என்று ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு வரிசை அடுக்கி, மேலே பாடியும் பதிந்துகொண்டால், ஒரு முழுப் பாட்டு தயார். வெளிச் சத்தத்தைப் பிடித்து ஒரு பொத்தானில் வைத்துக்கொள்ளவும் முடியும். எப்படி வேலை செய்வதென்று சொல்லும் புத்தகம் கூட வரவில்லை. ஒவ்வொரு பொத்தானாக அமுக்கி அமுக்கித்தான் படித்தேன். சேமிக்கத் தெரியாமல் முதல் மாதமே ஒரு பாட்டை முழுசாகத் தொலைத்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தேன். அதற்குப் பிறகு பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அதே வேலைதான்.

செய்தி கோயில் கமிட்டி வரைக்கும் போய்விட்டது. அந்த வருஷ மாரியம்மன் திருவிழாவுக்கு நம் தோட்டத்துப் பிள்ளை போட்ட பாட்டை ஸ்பீக்கரில் போடலாம் என்றார்கள். தலை கால் புரியவில்லை எனக்கு. ஒரு வாரத்தில் பாட்டு வந்துவிட்டது. மேளம்தான் வரவில்லை. பெட்டிக்குள் இருந்த மேளமெல்லாம் வெளிநாட்டுச் சத்தம். அம்மன் பாட்டுக்கு அது ஒட்டவேயில்லை. எனக்கு எங்கள் தப்பின், அந்தத் தோல் பறையின், சத்தம் வேண்டியிருந்தது.

எங்கள் தோட்டத்தில் தப்படிக்கிறவர் ஓர் அண்ணன். நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. ஸ்டோரில், அதாவது தேயிலைப் பேக்டரியில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. ஸ்டோர் மெசினில் மாட்டி இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் போய்விட்டது. தப்பில் இடது கைக் குச்சி நீளமும் மெல்லிசும். விரல் மடங்காததால் அவருடைய அந்த அடி மட்டும் எப்போதும் ஒரு இம்மி பிந்தித்தான் விழும். கேட்கிறவர்களுக்கு அது குறையாகத் தெரியாது, ஒரு மாதிரி இழுப்பாக இருக்கும். கோயிலென்றாலும் கல்யாணமென்றாலும் அவர்தான் வேண்டும். ஆனால் அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் எங்கள் லயத்தில் இருந்தார்கள். எங்கள் வீடும் அதில் சேர்த்திதான்.

நான் போய்க் கேட்டதும் அவர் வாசலில் காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சிகளைக் கொளுத்தி, தப்பைச் சூடு காட்டி, சாமி அடி, காமன் கூத்து அடி, கல்யாண அடி என்று வரிசையாக அடித்துக் கொடுத்தார். அவர் மனைவி, எனக்கு அண்ணி, உள்ளே வெளியே நடந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் நன்றாக வந்தன. ஆனால் என் மனதில் இருந்தது வேறு அடி. சாவு வீட்டில் அடிப்பார்களே, அதுதான். அதைப்போல நெஞ்சுக்குள் இறங்குகிற அடி வேறு கிடையாது. அதையும் ஒருமுறை அடிக்கச் சொன்னேன். அண்ணன் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"அது மட்டும் ஆகாது தங்கச்சி."

"சாமி குத்தமாண்ணே?"

"சாமியும் இல்ல பூதமும் இல்ல. அது பாட்டு இல்லம்மா, கூப்புடுறது. அது கேட்டா சனம் வேலைய அப்புடியே போட்டுட்டு வந்துரும். சும்மா ஒருக்கா கூப்புட்டோம்னா, நெசமா கூப்புடுறப்ப எவன் வருவான்?"

உண்மைதான். எங்கள் தோட்டத்தில் ஒரு சாவு என்றால் மலைக்கு ஆள் அனுப்பிச் சொல்கிற வழக்கமே இல்லை. தப்பு விழும், கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையோடு இறங்கி வந்துவிடுவார்கள், வந்த பிறகுதான் யாரென்றே கேட்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் செய்தேன். இரண்டு வாரம் கழித்து மேல் லயத்தில் ஒரு தாத்தா இறந்தபோது, பெட்டியைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். அண்ணன் அடிக்க அடிக்கப் பதிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டினார், சாவுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து.

அதில் நாலே நாலு சுற்றை வெட்டியெடுத்துப் பாட்டுக்கு அடியில் வைத்தேன். அடிகளையெல்லாம் பிசகாமல் நேராக்கிவிடும் ஒரு பொத்தான் பெட்டியில் உண்டு. அதை அமுக்கிப் பார்த்தேன், உயிர் போய்விட்டது. அந்தப் பிந்தி விழுகிற அடியோடு அப்படியே விட்டுவிட்டேன். இயர்போனில் வயலினும் பேஸும் என் குரலும் மேலே நிற்க, தப்பு அடியில் ஓடியது. இது எந்த அடியென்று எவருக்குத் தெரியப்போகிறது என்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. தோட்டத்து லொறியில் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். அங்கிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அண்ணி ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பார். மற்ற நாளில் மலைக்குப் போவார். அண்ணனைப் பற்றிய கவலை எல்லாருக்கும் இருந்தது. திருவிழாவுக்குத் தப்புக்குப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களைச் சொல்லியிருந்தார்கள்.

கொடியேறுவதற்கு முதல் நாள் மத்தியானம் ஸ்பீக்கர்காரர் கோயில் மரத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, "எங்க, ஒங்க பாட்டக் குடுங்க, ஒரு டெஸ்ட் பண்ணிருவோம்" என்றார். பெட்டியை மாட்டிப் பொத்தானை அமுக்கினேன். கூம்பு ஸ்பீக்கரின் குணம் எனக்குத் தெரியாது. அதில் பேஸ் ஏறாது, வயலின் கரைந்துவிடும். என் குரல்கூட எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. தப்பு மட்டும் கணீரென்று மலையெல்லாம் போனது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். எங்கே கோளாறு என்று பார்க்க, மறுபடியும் மறுபடியும் போட்டேன்.

சற்று நேரத்தில் ஆறாம் நம்பர் தேயிலை மலையிலிருந்து பெண்கள் வரிசையாக இறங்கி வருவது தெரிந்தது. சொன்னால் வெட்கம். என் பாட்டைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். ஸ்பீக்கர்காரரிடம் பெருமையாகக் கையைக் காட்டினேன். கிட்ட வந்த பிறகுதான் ஒரு முகத்திலும் சிரிப்பில்லை என்று பார்த்தேன். கங்காணி தலைத் துண்டை எடுத்துக் கையில் வைத்திருந்தார். ஸ்டோர் ஆட்களும் வந்துகொண்டிருந்தார்கள்.

"கண்டியில இருந்து சேதி வந்துருச்சா?" என்று ஒரு பெண் கேட்டாள். கேட்டவுடனேயே இன்னொருத்தி மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். சாகக் கிடப்பவர் என்று தோட்டத்தில் அப்போது எல்லாருடைய நினைவிலும் இருந்தது ஒருவர்தான்.

அந்த நேரம் பார்த்து அண்ணி குறுக்குப் பாதையால் ஓடி வந்தார். கூடை முதுகில் ஆடியது, கொழுந்து வழியெல்லாம் கொட்டியது. அழுதுகொண்டிருந்தவள் போய் அவரைக் கட்டிப்பிடித்தாள். அண்ணி அவளை விலக்கிவிட்டார். அந்தக் கூட்டத்திலேயே சிரித்த முகம் அவருடையது மட்டும்தான்.

"ஏன் அழுவுறீங்க? அவரு தான் அடிக்கிறாரு. அவரு கை எனக்குத் தெரியாதா? எப்ப வந்தாரு? எங்க அவரு?"

நான் பொத்தானை அமுக்கினேன். சத்தம் நின்றது.

அண்ணி கோயிலைச் சுற்றிப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், கடைசியாக என் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். "பதிஞ்சு வச்சது அண்ணி" என்றேன். கங்காணி என்னைத் திட்டினார். கமிட்டிக்காரர் வந்து அதைவிட மோசமாகத் திட்டினார். அதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. அண்ணி கூடையை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்து, "ஆறாம் நம்பர்ல இருந்து ஓடியாந்தேன்மா" என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து, கொட்டின கொழுந்தைப் பொறுக்கிக்கொண்டே திரும்பிப் போனார். அந்தத் திருவிழாவில் வழக்கமான கசெட்டுகளைத்தான் போட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணியோடு கண்டிக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மெலிந்திருந்தார். நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு அவர் காதில் இயர்போனை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். திட்டுவார் என்று பார்த்தால், "எத்தன பேரு வந்தாங்க?" என்றார்.

"எல்லாருந்தாண்ணே. ஸ்டோர்ல இருந்துங்கூட வந்துட்டாங்க."

"ம்" என்றார். அவருக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததென்று இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு, "அழிச்சிரு" என்றார். அழிக்கவா என்று திரையில் கேள்வி வந்தது. எந்தப் பொத்தான் என்று கேட்டு, அந்த மடங்காத விரலால் அவரே அமுக்கினார். வரும் வழியில் அவர்கள் வீட்டில் இறங்கி, அண்ணி பாலில்லாமல் போட்டுக் கொடுத்த தேயிலைச் சாயத் தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தார். சுமார் ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தார். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, எல்லாரும் மலைக்குப் போன பிறகு, உட்கார்ந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. நான் கடைக்குப் போகாமல் அங்கேயே நின்றேன். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வந்து, தப்பைச் சூடு காட்டி அடிக்கத் தொடங்கினார்கள். நன்றாகத்தான் அடித்தார்கள். கால் மணி நேரம் போனது. பாதையில் ஒருவரும் வரவில்லை. அண்ணி வாசலில் நின்று மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா இன்னும் ஒருத்தரையும் காணோம்?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஆறாம் நம்பர் மலைக்கு ஏறி ஓடினேன். செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாது. மேலே போனால், பெண்கள் நிரையில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தப்புச் சத்தம் அங்கே தெளிவாகக் கேட்டது. கங்காணி என்னைப் பார்த்து, "என்னம்மா, மறுபடியும் பொட்டியப் போட்டுட்டியா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"பொட்டி இல்ல" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. "அண்ணன்."

அப்புறம்தான் எல்லாரும் இறங்கி ஓடினார்கள்.

இன்றைக்கும் பாட்டுப் போடுகிறேன், இப்போது பெட்டி வேறு. எந்தச் சத்தத்தைப் பிடிப்பதற்கும் முன்னால் அதற்குரியவரிடம் கேட்டுவிடுகிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். ஆனால் ஊரிலுள்ள எல்லாருடைய சாவுக்கும் சனத்தைக் கூப்பிட்டுக் கொடுத்த மனிதருக்கு, அவருடைய சாவன்று சனம் கால் மணி நேரம் பிந்தித்தான் வந்தது. அந்தக் கால் மணி நேரத்தை அழிக்க எந்தப் பெட்டியிலும் ஒரு பொத்தான் எனக்குக் கிடைக்கவில்லை.