நாகேஸ்வரி கற்றுக்கொண்ட நகரம்

நாகேஸ்வரி அக்காவை நான் முதலில் பார்த்தது ஒரு வகுப்பறையில். அது 1976 மார்ச் மாதம். என் கணவர் மெல்பேர்ன் நகரின் கிளேட்டன் பகுதியில் இருந்த பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சனிக்கிழமையிலும் ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவார். வீட்டில் தனியாகக் கிடக்கப் பிடிக்காமல், அதே பல்கலைக்கழகத்தில் வெளியாட்களுக்கென்று நடத்திய பத்து வாரச் சனிக்கிழமை வகுப்பு ஒன்றில் பெயர் கொடுத்தேன். பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் என்ற பழைய வணிக நகரத்தின் வரலாறும் ஓவியங்களும்தான் பாடம். அந்த ஊரின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. வேறு வகுப்புகளில் இடமில்லை என்றார்கள், அதனால் அங்கே போய் உட்கார்ந்தேன்.

இருபது பேர் இருந்தோம். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள். முதல் வரிசையில், சேலைக்கு மேல் ஆண்கள் போடும் கம்பளிச் சட்டையோடு ஒரு பெண் இருந்தார். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். எங்களுக்குப் பாடம் எடுத்த திருமதி வெர்மூலன் பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்தில் பிறந்து, போர் முடிந்த பிறகு மெல்பேர்னுக்குக் குடிவந்தவர். அறையை இருட்டாக்கி, ஸ்லைடுகளைத் திரையில் போட்டு விளக்குவார். முதல் வகுப்பு முடிந்ததும் ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். அந்தப் பெண் கையைத் தூக்கினார்.

"ரயில் நிலையத்திலிருந்து, படத்தில் காட்டிய அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்கு நடந்து போக எவ்வளவு நேரம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கால் மணி நேரம் ஆகும். ஏன், ரயிலை விட்டு இறங்கியாயிற்றா?" என்றார் திருமதி வெர்மூலன். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நோட்டில் பதினைந்து நிமிடம் என்று தமிழில் எழுதினார். அதைப் பார்த்துத்தான் தேநீர் வேளையில் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்கள் தமிழோ?" என்று அவரே கேட்டார்.

"ஆமா. கும்பகோணம். பேரு சந்திரகலா."

"நான் யாழ்ப்பாணம், பருத்தித்துறை. இப்ப நோபிள் பார்க் எண்ட இடத்திலை இருக்கிறன்."

அவர் கணவர் தேவராஜா இயந்திரப் படம் வரைபவர். 1973இல் குடும்பத்தோடு வந்து டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அக்கா அதே ஊரில் பழங்களைத் தகரத்தில் அடைக்கும் இடத்தில் வேலை பார்த்தார். ஒரே மகள், பத்து வயது. இதெல்லாம் அடுத்த வகுப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. எதற்காக வகுப்புக்கு வருகிறார் என்பது மூன்றாம் வாரம்தான் தெரிந்தது. கிளேட்டன் ரயில் நிலையத்தில் அவருடைய ரயிலுக்காகக் காத்திருந்தபோது கைப்பையிலிருந்து ஒரு படத் தபாலட்டையை எடுத்துக் கொடுத்தார்.

அதில் கூரை போட்ட சின்ன வீடு மாதிரி ஒரு பொன் முலாம் பூசிய பெட்டி. பெட்டியின் பக்கங்களில் ஓவியங்கள். ஓர் ஊரின் கரையில் கப்பல் நிற்கிறது. அதிலிருந்து ஓர் இளம்பெண்ணைக் கைபிடித்து இறக்குகிறார்கள். பின்பக்கம் தமிழ்.

'அக்கா, இந்தப் பெட்டி இங்கே ஒரு பழைய ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தியது. இதில் ஒருத்தி கப்பலில் போகிறாள், வருகிறாள். ஞாயிற்றுக்கிழமையில் போய்ப் பார்ப்பேன். காவல்காரர் இப்போது என்னைக் கண்டால் தலையசைப்பார். சிவபாலன்.'

"என்ரை தம்பி. எனக்கு மூண்டு வயசு இளையவன்" என்றார் அக்கா.

சிவபாலன் இருபது வயதில் கொழும்பில் ஒரு சரக்குக் கப்பலின் சமையலறையில் வேலைக்கு ஏறியவன். நோய் வந்து பெல்ஜியத்தில் இறக்கிவிடப்பட்டான். குணமானதும் புரூஜ் நகரத்தில் ஒரு விடுதியில் வேலை கிடைத்து அங்கேயே தங்கினான். மாதம் ஒரு கடிதமோ தபாலட்டையோ வரும். 1966 கடைசியில் அம்மா படுத்த படுக்கையானார். மகனைப் பார்க்க வேண்டும் என்று ஒரே அரற்றல். அக்கா எழுதினார். கடவுச்சீட்டில் சிக்கல் இருக்கிறது, இப்போது வந்தால் திரும்ப முடியாது, கொஞ்சம் பொறு என்று பதில் வந்தது.

"எனக்கு வந்த கோபத்திலை, அம்மாவைப் பாக்க வராட்டி இனி எழுதவும் வேண்டாம் எண்டு எழுதிப் போட்டன். அண்டைக்கே தபாலிலை சேர்த்தும் போட்டன். அதுக்குப் பிறகு அவன் எழுதேல்லை. ரெண்டு மாசத்திலை அம்மா செத்துப்போனா. அதைக்கூட நான் அவனுக்கு அறிவிக்கேல்லை, பிள்ளை."

மூன்று வருஷம் கழித்து மனம் கேட்காமல் விடுதி முகவரிக்கு எழுதியிருக்கிறார். ஆள் இல்லை என்று கடிதம் திரும்பி வந்துவிட்டது.

பிறகு மெல்பேர்ன். ஒரு மழை ஞாயிறு, நகரத்துக் கலைக்கூடத்தின் வாசலில் கண்ணாடிச் சுவர்மேல் வழியவிட்டிருக்கும் தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மகள் பிடித்த பிடிவாதத்தில் போயிருக்கிறார்கள். உள்ளே ஓர் அறையில், புத்தகம் அளவே உள்ள ஒரு ஓவியம். காயம்பட்ட மகனைத் தாய் தாங்கிப் பிடித்திருக்கிறாள். கீழே ஓவியனின் பெயர் மெம்லிங், ஊர் புரூஜ் என்று இருந்தது. தபாலட்டையில் தம்பி ஊரைப் புருகே என்றுதான் எழுதுவான். இரண்டும் ஒரே ஊர் என்று அக்காவுக்கு அதுவரை தெரியாது. ஆனால் மெம்லிங் என்ற பெயர் அட்டையின் ஓரத்தில் அச்சாகியிருந்தது நினைவு வந்தது.

"அந்தத் தாயின்ரை முகத்தை என்னாலை பாக்கேலாமல் போச்சு. வெளியாலை வந்திட்டன். பிறகு மாசத்துக்கு ஒருக்கா அதைப் பாக்கவெண்டே போவன். அந்த ஊரைப் பற்றி வகுப்பு எண்டதும் பேர் குடுத்தன்."

ரயில் வந்தது. அவர் ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு வகுப்பில் நானும் வேறு மாதிரி கேட்கத் தொடங்கினேன். கடலின் ஒரு கிளை அந்த ஊரை அண்டி வந்ததையும், அதன் வழியே இங்கிலாந்தின் கம்பளியும் தெற்கத்தி மிளகும் கறுவாப்பட்டையும் வந்து இறங்கியதையும் திருமதி வெர்மூலன் சொன்னார். ஜெனோவாக்காரர், வெனிஸ்காரர், போர்த்துக்கீசர் என்று ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு வீடு இருந்ததாம். பிறகு அந்தக் கடல்வழி மணல் மூடித் தூர்ந்தது. வணிகர்கள் அன்ட்வேர்ப் நகரத்துக்குப் போய்விட்டார்கள். ஊர் ஏழ்மையில் விழுந்தது. பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஒருவருக்கும் வசதியில்லை, அதனால்தான் எல்லாம் அப்படியே நிற்கிறது என்றார். அக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வகுப்பில் கொடுத்த வரைபடத்தில் தெருப்பெயர்களைத் தமிழில் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். நோபிள் பார்க்கில் அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். சோறு வடிக்கும்போது பார்ப்பாராம்.

ஏழாவது வகுப்பில் மெம்லிங்கைப்பற்றிய பாடம். அவர் அந்த ஊர்க்காரர் அல்ல, ஜெர்மன் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர் என்றார் ஆசிரியர். 1465ஆம் ஆண்டு ஜனவரியில் நகரக் குடிமக்கள் ஏட்டில் அவர் பெயரைப் பதிந்திருக்கிறார்கள். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது.

அக்கா கையைத் தூக்கினார். "ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி வந்தவரின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்றால், பதினாலு வருஷத்துக்கு முந்தி வந்தவரின் பெயரையும் வைத்திருப்பார்களா?"

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. திருமதி வெர்மூலன் விளக்கைப் போட்டார். பெல்ஜியத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் அந்தந்த ஊர்ச் சபையில் பதிந்தே ஆகவேண்டும் என்றும், வீடு மாறினாலும் எழுதுவார்கள் என்றும் சொல்லிவிட்டு, "யாரைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

வகுப்பு முடிந்ததும் மூவருமாக உட்கார்ந்தோம். திருமதி வெர்மூலன் அவர் மொழியில் நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதோடு தம்பிக்கு என்று அக்கா தமிழில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்தார். 'தம்பி, நான் மெல்பேர்னில் இருக்கிறேன். இதைக் கண்டதும் எழுது.' அவ்வளவுதான், கீழே முகவரி.

ஆகஸ்டில் நகரசபையிலிருந்து பதில் வந்தது. அந்தப் பெயருள்ளவர் 1962 முதல் 1971 வரை அங்கே பதிவில் இருந்தார். பிறகு வேறு ஊருக்கு மாறியிருக்கிறார். முகவரியைத் தர விதிகளில் இடமில்லை. உங்கள் கடிதத்தை அவருக்கு அனுப்பியிருக்கிறோம்.

"அப்ப உயிரோடை இருக்கிறான்" என்றார் அக்கா. நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த மொழியில் ஒரு எழுத்தும் புரியாது, தம்பியின் பெயரைத் தவிர.

பிறகு காத்திருப்பு. வேலையிலிருந்து வரும்போது தபால் பெட்டி இருக்கும் பக்கம் பார்க்காமல் நேரே கதவைத் திறந்து உள்ளே போய்விடுவாராம். தேவராஜா அண்ணைதான் போய்ப் பார்த்து, இல்லை என்று தலையசைப்பார். செப்டம்பர் போயிற்று, அக்டோபர் போயிற்று. கலைக்கூடத்துக்கும் அவர் போகவில்லை.

நவம்பரில் ஒரு நாள், கடிதம் வந்திருக்கிறது, வந்து போகிறீர்களா என்று பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் தேவராஜா அண்ணை எனக்குச் சொன்னார். போனேன். அக்கா சமையலறையில் நின்றார். கடிதத்தை என் கையில் கொடுத்தார்.

'அக்கா, எழுத வேண்டாம் என்று நீ எழுதினாய். அதனால் எழுதவில்லை. கோபம் இல்லை. இப்போது அன்ட்வேர்ப்பில் இருக்கிறேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலை. கலியாணம் செய்யவில்லை. உன் துண்டை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. பதில் எழுதத்தான் மூன்று மாதம் பிடித்தது. தமிழ் எழுதிக் கனகாலம், எழுத்து விளங்குகிறதா? அம்மாவின் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்தீர்களா? இப்போது பார்வை எப்படி இருக்கிறது?'

வாசித்து முடித்ததும் நிமிர்ந்தேன்.

"அவனுக்குத் தெரியாது, சந்திரா. ஒன்பது வருஷமா அவனுக்கு அம்மா உயிரோடை இருந்திருக்கிறா. அதை நான் எப்பிடிப் பறிக்கிறது?"

"எழுதத்தான் வேணும், நாகேஸ்" என்றார் தேவராஜா அண்ணை.

"நீங்கள் எழுதுங்கோவன்."

"நான் எழுதினால் அவன் என்ன நினைப்பான்? நீதான் எழுத வேணும்."

மூன்று வாரம் எழுதி எழுதிக் கிழித்தார். கடைசியில் அனுப்பியது நாலு வரி. நானும் கூடப் போனேன். தபால் பெட்டியின் வாயில் உறையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பின்னால் நின்ற ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். அப்போதுதான் விட்டார்.

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் வீட்டில் இருந்தோம். அந்த மாதத் தொடக்கத்தில்தான் அவர்களுக்குத் தொலைபேசி இணைப்பு வந்திருந்தது, எண்ணைத் தம்பிக்கு அனுப்பியிருந்தார்கள். மணி அடித்தது. அக்கா எடுத்தார். மறுமுனையில் ஏதோ கேட்டது. எனக்குக் கேட்டது அக்கா சொன்ன பதில்கள் மட்டும்தான்.

"ஓம்."

"சித்தப்பாவின்ரை மகன் வைச்சவன். கதிர்காமநாதன்."

"இல்லையப்பு. மழை இல்லை. நல்ல வெய்யில்."

சிவபாலன்தான். அம்மாவுக்குக் கொள்ளி வைத்தது யார் என்று கேட்டானாம். மகன் இருந்தும் இன்னொருவன் வைத்திருக்கிறான் என்று தெரிந்ததும், அன்று மழை பெய்ததா என்று கேட்டிருக்கிறான். வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல் கேட்டிருப்பான் என்றார் அக்கா. அவர் அழவில்லை. சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார், தட்டு காய்ந்துபோகும் வரை.

அதன் பிறகு கடிதங்கள் தொடர்ந்தன. 1978 ஏப்ரலில் அக்கா மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார். அதற்கு முன் அவர் தனியாக மெல்பேர்னைத் தாண்டிக்கூடப் போனதில்லை. மே மாதம் திரும்பியதும் என்னிடம் எல்லாம் சொன்னார்.

விமான நிலையத்தில் இருவருக்கும் ஒருவரையொருவர் அடையாளம் தெரியவில்லையாம். இரண்டு தரம் கடந்து போயிருக்கிறார்கள். தம்பிக்குத் தலை முன்பக்கம் வழுக்கை, கண்ணாடி, அந்த நாட்டுக் கறுப்புக் கோட்டு. முதல் இரண்டு நாளும் ஏதோ விருந்தாளியைப் போல உபசரித்தானாம். மூன்றாம் நாள் ரயிலில் புரூஜ் நகரத்துக்குக் கூட்டிப் போனான்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அக்காவே முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். அன்னங்கள் நீந்தும் ஏரி, பாலம், பெண்கள் மட்டும் குடியிருந்த பழைய மடம், நேரே போனால் செங்கல் கோபுரத் தேவாலயம், எதிரே ஆஸ்பத்திரி. ஒரு திருப்பத்தில்கூட நிற்கவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த சிவபாலன் நின்றுவிட்டான்.

"அக்கா, நீ எப்ப இஞ்சை வந்தனீ?" என்று கேட்டான்.

"வரேல்லை. படிச்சனான்" என்றாராம் அக்கா. "நீ எந்தத் தெருவிலை நடப்பாய் எண்டு தெரியாதுதானே. அதாலை எல்லாத் தெருவையும் படிச்சனான்."

வீதி நடுவில், வந்து போகிறவர்கள் பார்க்க, அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதான். அம்மாவின் கடைசி நாட்களை அக்கா அங்கேயே ஒரு வாய்க்கால் கரையில் உட்கார்ந்து முழுதாகச் சொன்னார். அம்மா அவனைக் கேட்டதையும் மறைக்கவில்லை.

மீதி நாட்களில் அவன் அக்காவின் தமிழைக் கேட்டுக்கொண்டே இருந்தானாம். பதினாறு வருஷமாகத் தமிழ் பேச ஒருவரும் இல்லை. பல சொற்கள் வாயில் வரவில்லை. அன்ட்வேர்ப் சந்தையில் அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கத்தரிக்காய், வெந்தயம், உள்ளி என்று திருப்பிச் சொல்லுவான். கறிமுருங்கை என்றதும், அது இங்கே கிடையாது என்று அந்த நாட்டு மொழியில் சொல்லிவிட்டு, தானே சிரித்தானாம்.

"முந்தி அவன் எங்கை எண்டு தெரியாது. இப்ப அவன் வேலை முடிஞ்சு எந்த டிராமிலை ஏறுவான், எந்தக் கதவைத் திறப்பான் எண்டு தெரியும்" என்றார் அக்கா. "இது இன்னும் கூடக் கஷ்டமா இருக்கு, பிள்ளை. கையைக் கழுவேக்குள்ளையும் அங்கை என்ன நேரம் எண்டு பாக்கிறன்."

அடுத்த வருஷம் நாங்கள் இந்தியாவுக்குத் திரும்பினோம். சிவபாலன் மெல்பேர்னுக்குக் குடிவர விண்ணப்பம் போட்டிருப்பதாக அக்கா எழுதினார். முதல் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். இரண்டாவதை இப்போது அனுப்பியிருக்கிறார்கள். அக்கா வீட்டில் அவனுக்கென்று ஓர் அறைக்குப் புது வர்ணம் அடித்தாயிற்றாம்.